அந்தோனியின் ரீல் சுற்றவில்லை

பிளாஸ்டிக் கதிரையில் அந்தோனி இருந்தார். மடியில் அவருடைய பெரிய ரீல். வலது கையால் அதன் கைப்பிடியைப் பற்றி முன்னுக்குத் தள்ளினார். அது அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை தள்ளினார். விரல்கள் வழுக்கிக் கைப்பிடியை விட்டு விலகின.

மல்கிரேவில் எங்கள் வீட்டுக் கராஜ் அது. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. ஊரில் ஆடி என்றால் காற்று; மெல்பேர்ணில் ஆடி என்றால் எலும்புக்குள் இறங்கும் குளிர். எங்கள் இருவரின் வாயிலிருந்தும் சுருட்டுக் குடிப்பவர்களைப் போலப் புகை வந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுது, சேவையர்," என்றார் அந்தோனி. "ரீல் நல்லாத்தான் இருக்கு. கைதான் போட்டுது."

சொல்லிவிட்டு ரீலைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின் மேல் வைத்தார்.

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல? ஒரு மனிதர் தன் வலது கை போய்விட்டதாக என் முன்னால் அறிவிக்கிறார். நானோ, மூட்டையில் உள்ள தவிட்டுத் தூசு ரீலுக்குள் போகப்போகிறதே என்று பதறுகிறேன். ரீல் வைப்பதற்கென்று ஒரு துணிப் பை இருக்கிறது. பை அவருடைய காலடியிலேயே இருக்கிறது. அதற்குள் வைத்தால் என்ன?

ஏழு தடிகளும் ஒரு சுவரும்

கராஜைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மகன் ட்ருகனினாவிலிருந்து போன் எடுத்தான்.

"என்னப்பா இது? என்ர ட்ரெட்மில்லைப் பற்றியெல்லாம் பேப்பரில எழுதுறீங்கள்!"

"வந்து எடுத்துக்கொண்டு போ. எழுதிறதை நிப்பாட்டுறன்."

"நெக்ஸ்ட் வீக்கெண்ட், ஷுவர்."

அந்த நெக்ஸ்ட் வீக்கெண்ட் இன்னும் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எங்கள் கராஜில் இருப்பவை: ட்ரெட்மில் ஒன்று, மூன்று அரிசி மூட்டைகள், இரண்டு காஸ் சிலிண்டர்கள், ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, பொரிப்பதற்கான அடுப்பு ஒன்று, இப்போது முகச்சவரம் செய்யும் பேரனுடைய தொட்டில் ஒன்று. கார் மட்டும் இல்லை. அது வெளியே மழையில் நிற்கிறது. மிஞ்சிய ஒரே ஒரு சுவரில் ஏழு தூண்டில் தடிகள். நான்கு என்னுடையவை, மூன்று அந்தோனியுடையவை.

தூண்டில் தடியை விளக்குமாறு என்று நினைப்பவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகம். மூலையில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் சாய்ந்து நின்ற தடி வளைந்துவிடும், பிறகு நிமிராது. அதனால் சுவரில் தாங்கிகள் அடித்து, நீர்மட்டக் கருவி வைத்துச் சரிபார்த்து, படுக்கைவசமாக வைத்திருக்கிறேன்.

ரீலைத் தனியாகக் கழற்ற வேண்டும். உப்பை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். குழாயைத் திறந்து வேகமாக அடித்தால் வெளியே இருக்கும் உப்பு உள்ளே போய்விடும். காயவிட்டு, இறுக்கும் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துணிப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது, வியர்க்கும். என் பழைய சாரங்களை வெட்டி மனைவி சரசு பைகள் தைத்துத் தந்திருக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள், ஆனால் தையல் நேர்.

இவ்வளவையும் நான் சொன்னால் அந்தோனி சிரிப்பார். மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவர். "எங்கட ஊரில வலையைக் கரையில போட்டிருப்பம், அதில நாய் படுத்திருக்கும், சேவையர். அடுத்த நாள் அதே வலையிலதான் மீன் வரும். நாய் மயிரைப் பார்த்து எந்த மீனும் திரும்பிப் போகேல்ல."

இலங்கையில் நான் நில அளவையாளராக இருந்தேன். அந்த ஒரு காரணத்துக்காக இன்றுவரை என்னைச் சேவையர் என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் கந்தோரில் அளவைக் கருவிகள் தேக்கு மரப் பெட்டிக்குள், கம்பளித் துணியில், குழந்தையைப் போலத் தூங்கின. எங்கள் பெரியவர் தன் குடையைத் தொலைப்பார், மூக்குக்கண்ணாடியைத் தொலைப்பார், பெட்டியின் சாவியைத் தொலைத்ததில்லை. அப்படி வளர்க்கப்பட்டவன் நான். அந்தோனியோ தன் தடிகளை வருடம் முழுவதும் காருக்குள் வைத்திருந்தவர். பின் ஆசனத்தில் ஏறியிருந்தால் எங்கேயாவது ஒரு தூண்டில் முள் குத்தும். ஒருமுறை மோர்டியலாக்கில், கடலுக்குள் நீளும் ஜெற்றியில், நான் வழக்கமாக இருக்கும் இடத்தில் தன் வாளியை வைத்தார். நான் முறைத்ததும், "கடலுக்கும் எல்லைக்கல்லு நட்டு வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்த இடத்தில்தான் வாளியை வைக்கிறார்.

லிட்கம்முக்குச் சொல்ல வேண்டிய பதில்

அவருடைய தடிகள் என் சுவருக்கு வந்ததற்குக் காரணம் பாரிசவாதம். மாசி முடிகிற நேரம், குசினியில் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதால் பேச்சுத் தப்பியது. காலும் மெல்ல மெல்ல வந்தது. கைதான் சுணங்கியது. பிசியோ பிள்ளை ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தாள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காருக்குள் இருந்த மூன்று தடிகளையும் ரீல்களையும் நான்தான் எடுத்து வந்தேன். பெரிய ரீலின் மேல் உப்பு வெள்ளைப் பூப்போலப் பூத்திருந்தது. கழுவித் துடைத்துக் காயவைத்தேன். என்னுடைய நாலு ரீல்களுக்கும் அவருடைய இரண்டு சின்ன ரீல்களுக்கும் விட்டதும் ரீல் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பெரிய ரீல் எண்ணெய் இல்லாமலே பைக்குள் போனது. அது எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தோனியின் மனைவி காலமாகி நாலு வருடம். மகள் மேரி சிட்னியில், லிட்கம்மில் இருக்கிறாள். அப்பாவைத் தனியே விட முடியாது, நிரந்தரமாக வந்துவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அங்கே அவருக்கென்று ஓர் அறை இருக்கிறது. பக்கத்தில் தேவாலயம் இருக்கிறது. இவர் இங்கே ஒற்றைக் கையால் முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அங்கே போனால் அவர் யாரோடு மீன் பிடிப்பார்? நான் யாரோடு சண்டை பிடிப்பேன்? இதை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

அவர் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளிக்கிழமை சேவையர் வீட்டை போறன். ரீலைச் சுத்திப் பார்த்திட்டுச் சொல்லுறன், பிள்ளை. கை சுத்தினால் இருப்பன். சுத்தாட்டில் வாறன்."

ஒரு மனிதர் தன் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முறையா இது? டொக்டர் இருக்கிறார், பிசியோ இருக்கிறார், ஸ்கான் இருக்கிறது. இவர் ரீலைக் கேட்கிறார். நான் எடுத்துச் சொன்னேன். "டொக்டருக்கு மீன் பிடிக்கத் தெரியுமே?" என்று கேட்டார்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் கதிரைக்கு வந்து சேர்ந்தோம்.

மீன் வரலாம், தடி வரக்கூடாது

ஏன் அந்தக் குளிரில் கராஜில் இருந்தோம் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. மீன் பட்ட எந்தச் சாமானும் வீட்டுக்குள் வரக்கூடாது. ஹோல் என்கிற முன்கூடத்தைத் தாண்டியதும் சாமி அறை.

இதே சரசு ஞாயிற்றுக்கிழமை கராஜ் அடுப்பில் மீன் பொரித்து, குழம்பு வைத்து, சட்டியோடு உள்ளே கொண்டுபோவாள். அது சாமி அறைக்கு முன்னால்தான் போகும். ஆக, மீன் உள்ளே வரலாம். மீனைப் பிடித்த தடி வரக்கூடாது. இதில் என்ன நியாயம் என்று நான் கேட்காத வருடம் இல்லை.

"சட்டியைக் கழுவுறன்," என்பாள்.

"ரீலையும் கழுவுறன்தானே?"

"நீங்கள் கழுவுறது எனக்குத் தெரியாதே?"

விவாதம் அத்துடன் முடியும். அதிலும் ஆடி வெள்ளியில் வாயே திறக்க முடியாது.

தேங்காய் வாசம்

அரிசி மூட்டையின் மேல் இருந்த ரீலுக்கு வருகிறேன்.

அந்தோனி இடது கையால் சட்டைப் பையில் கைத்தொலைபேசியைத் தேடினார். "மேரிக்குச் சொல்லிப் போடுவம். பிறகு மனசு மாறும்."

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான். கை சும்மா இருக்க மாட்டாததால் ரீலை எடுத்துத் தூசியைத் துடைத்தேன். துடைத்த வேகத்தில் கைப்பிடியைச் சுற்றினேன்.

சுற்றவில்லை.

என் இரண்டு கைகளும் நல்ல கைகள். வயதுக்கேற்ற நடுக்கம் தவிர வேறு குறை இல்லை. ரீலை வயிற்றில் அணைத்துக்கொண்டு முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினேன். கால்வட்டம் நகர்ந்து, களிமண்ணுக்குள் போன மாட்டுவண்டிச் சில்லுப் போல நின்றுவிட்டது.

"அந்தோனி, பொறும். போன் எடுக்காதையும். எனக்கும் சுத்துதில்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"வேண்டாம், சேவையர். உங்களுக்கு நடிக்க வராது."

"நானேன் நடிக்கிறன்?"

"எனக்காகத்தான். நல்ல மனுசன் நீங்கள். ஆனால் மூஞ்சியைப் பார்த்தால் தெரியுது."

என் மூஞ்சி எப்போதும் இப்படித்தான் இருக்கும். அதை எப்படி ஒரு மனிதருக்கு நிரூபிப்பது? வாழ்நாளில் முதல்முறையாக என்னை ஒருவர் நல்ல மனுசன் என்கிறார். அதுவும் தவறான காரணத்துக்கு. ஆத்திரத்தில் கைப்பிடியைக் கழற்றினேன். கழற்றிய துளையில் வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. உப்பு என்று நினைத்து விரலால் தோண்டினேன். மெழுகு போல வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

"சரசு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெள்ளிக்கிழமை விரதத்தோடு, நெற்றியில் திருநீறோடு அவள் கராஜ் வாசலில் வந்து நின்றாள். இரண்டு கைகளிலும் தேத்தண்ணிக் கோப்பைகள்.

"ஏன் இப்படிக் கத்துறீங்கள்? சிலிண்டர் வெடிச்சதே?"

"இந்த ரீலுக்கை தேங்காய் எண்ணெய் விட்டது ஆர்?"

"நான்தான். வேற ஆர்?" என்றாள், ஒளிக்காமல். "எண்ணெய் தீர்ந்து போச்சு, அந்தோனியின்ர ரீல் காய்ஞ்சு போய்க் கிடக்குது எண்டு ஒரு கிழமையாய்ப் புறுபுறுத்தது நீங்கள்தானே? காது கேக்க ஏலாமல் விட்டனான். ஊரில என்ர தையல் மெசினுக்கு முப்பது வருசமாய் அதுதான். ஒரு நாள் நிண்டதில்லை."

"ஊரில எண்ணெய் உறையாது! இஞ்ச ஒவ்வொரு நாள் விடியவும் எண்ணெய்ப் போத்திலைச் சுடுதண்ணிக்கை வைச்சு உருக்கிறது நீதானே? ரீலுக்கை போனது உறையும் எண்டு யோசிக்கேல்லையே?"

"நான் விடேக்கை வெயில் காலம். தண்ணி மாதிரி ஓடினது." கொஞ்சம் யோசித்தாள். "அதோட, கொஞ்சம் கூடத்தான் விட்டிட்டன். வருத்தம் வந்த மனுசன்ர சாமான், காய்ஞ்சு கிடக்கக் கூடாது எண்டு."

நான் அந்தோனியைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதாவது நம்பினாரா?

"நல்லாய்ச் செய்யிறியள் ரெண்டு பேரும்," என்றார் அவர், கோப்பையை இடது கையால் வாங்கிக்கொண்டே. "தங்கச்சி, நீங்கள் இவரை விட நல்லாய் நடிக்கிறீங்கள்."

ஹீற்றரின் வாயில்

இந்த நிலையில் என்ன செய்வது? எண்ணெயை உருக்கினால்தான் அவர் நம்புவார். உருக்கச் சூடு வேண்டும். அடுப்பில் காட்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உருகும். சுடுதண்ணீரில் போட்டால் நான் பார்த்துப் பார்த்துக் காயவைத்த அத்தனையும் வீண். மெல்லிய, உலர்ந்த, ஒரே சீரான சூடு வீட்டுக்குள்தான் இருந்தது. ஹோலின் நிலத்தில், ஹீற்றர் காற்று வரும் துவாரம். அது சரியாகச் சாமி அறை வாசலில் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ரீலைப் பார்த்தேன், துவாரம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சரசு அந்தோனியின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது கை மடியில், யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரிக் கிடந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் வலது கையை எடுத்து மேற்சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார்.

"தாங்கோ இஞ்ச," என்று மற்றக் கோப்பையை ட்ரெட்மில்லில் வைத்துவிட்டு என் கையிலிருந்து ரீலைப் பறித்தாள். உள்ளே போனாள். பழைய பேப்பரை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு தகரத் தட்டை வைத்து, ரீலைச் சாமி அறை வாசலில், ஹீற்றர் காற்றின் முன்னால் வைத்தாள். பிறகு சாமி அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நீங்களும் உள்ளுக்கு வாங்கோ, அந்தோனி அண்ணை. அந்தக் குளிருக்கை இருந்தால் எந்தக் கைதான் வேலை செய்யும்?"

மூன்று பேரும் ஹோலில் இருந்து ஒரு ரீலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லகாலம் யாரும் வீட்டுக்கு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. வீடு முழுக்கப் பலகாரம் சுடும் வாசம். ஒரு மூடி எண்ணெய்க்கு மேல் வடிந்திருக்கும். அவள் ரீலுக்கு எண்ணெய் விடவில்லை, அபிஷேகம் செய்திருக்கிறாள்.

நான் எடுத்துத் துடைத்துக் கைப்பிடியைப் பூட்டினேன். ஒரு விரலால் தட்டினேன். தடையில்லாமல் சுற்றியது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இதுவரை குற்றம் எண்ணெயின் தலையில் இருந்தது. இப்போது ரீலில் ஒரு குறையும் இல்லை. இனி அவருக்குச் சுற்றாவிட்டால், எனக்குக் கத்துவதற்குக்கூட யாரும் இல்லை.

அந்தோனிக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். ரீலை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். சீனி காணாது என்றார். முழங்காலைத் தடவினார். சரசு என்னைப் பார்த்தாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"தாரும்," என்றார் கடைசியில், என்னிடம் ஒருநாளும் பாவிக்காத தோரணையில்.

மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கை விரல்கள் கைப்பிடியைத் தொட்டன, வழுக்கின. மறுபடி தொட்டன, மறுபடி வழுக்கின. நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். மூன்றாவது தடவை விரல்களை விட்டுவிட்டு, பெருவிரலின் அடியையும் உள்ளங்கையையும் வைத்துக் கைப்பிடியை அணைத்தார். அந்தக் கையால்தான் கார் ஆசனத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தோல் இழுத்துத் தைத்தவர். தோள்பட்டையிலிருந்து தள்ளினார்.

அரைவட்டம் வந்தது. நின்றது. மூச்சை விட்டார். மிச்ச அரைவட்டத்தையும் கொண்டுவந்தார்.

பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அழகான சுற்று என்று சொல்ல முடியாது. நொண்டி நொண்டித்தான் சுற்றியது. வெளியே தளர்ந்து தொங்கிய தங்கூசி நூல் ஒரு பக்கமாகக் குவிந்துகொண்டு வந்தது. வேறு நாள் என்றால் நூலை நேராக விடும்படி சொல்லியிருப்பேன்.

"பிழையாய்ச் சுத்துறன், என்ன?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம். படு பிழை."

"அப்ப இது நடிப்பில்லை," என்றார்.

சரசு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டில் இருந்த எண்ணெயைக் கொட்டப் போனாள். கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அந்தக் கறை இன்னமும் இருக்கிறது. எத்தனை மருந்து போட்டும் போகவில்லை. யார் காரணம் என்ற வழக்கும் முடியவில்லை.

அவர் நிறுத்தவில்லை. கிர்ர், நிறுத்தம், கிர்ர், நிறுத்தம் என்று என் பல்லைக் கூசவைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கதிரைக் கையில் வைத்தார். ரீலை இடது கையால் மறுபடி பிடித்துக்கொண்டார். லிட்கம்மிலிருந்து மேரி.

"அப்பா, அங்கிள் வீட்டையே நிக்கிறீங்கள்? சுத்திப் பார்த்தீங்களே?"

அந்தோனி ரீலைத் தொலைபேசிப் பக்கம் சரித்தார். இன்னொரு வட்டம் சுற்றினார்.

"அப்பா? கேக்குதே? என்ன சத்தம் அது?"

"அது என்ர கை, பிள்ளை," என்றார்.